தண்ணியில்லாக் காட்டில் மீன் உத்தியோகம்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மேலதிகாரிகள் மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். அங்கே போய், வைகையின் கடைசிப் பகுதியில் மீன்வளத்தைப் பார்த்துக்கொள்கிற மேற்பார்வை உயிரியலாளர் என்று ஒரு வேலை இருக்கிறது, அதுதான் என் வேலை, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. அப்பா விளக்கமெல்லாம் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் யாராவது என் உத்தியோகத்தைக் கேட்டால் "மீன் ஆபீஸ்" என்று முடித்துக்கொண்டு பந்திக்குப் போய்விடுவார். மாமா ஒருவர் மட்டும் விடாமல், "வைகையில மணல் இருக்கு, சீமைக்கருவேலம் இருக்கு, மீனு எங்கப்பா இருக்கு?" என்று வருஷா வருஷம் கேட்கிறார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வைகை வருசநாட்டு மலையில் கிளம்பி, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை என்று சுமார் 258 கிலோமீட்டர் வந்து எங்களிடம் முடிகிறது. பெரும்பாலான வருஷங்களில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் கதை சரி. கண்மாய் நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலைத் தொடும், அதாவது பாக் விரிகுடாவை, எங்கள் ஊர்ப் பேச்சில் வடகடலை. சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை கோபித்துக்கொண்டதாகப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த காரணங்கள் இதைவிடச் சாதாரணமானவை. முல்லைப்பெரியாறு அணை 1895-இல் மேற்கே போன தண்ணீரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பியது, 1959-இல் ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை வந்தது, அதற்குக் கீழே வாய்க்கால்கள், பார்த்திபனூர் மதகணை, வழியெல்லாம் கண்மாய்கள் என்று ஆளாளுக்குப் பங்கு எடுத்தது போக மிச்சம் எங்களுக்கு. எங்கள் சொந்த மழையோ சராசரியாக வருஷத்துக்கு 827 மில்லிமீட்டர் அளவில், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும்.

ஆகவே எங்கள் ஆறு உயிரோடு இருப்பது வருஷத்தில் சில வாரங்கள்தான், சில வருஷம் அதுவும் கிடையாது. ஆனால் அந்தச் சில வாரங்களுக்காகத்தான் கடலில் சில மீன்கள் காத்துக்கிடக்கின்றன. மாமாவுக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டார்.

கொடுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை போடுவது கடலோரத்தில், முகத்துவாரத்தை ஒட்டி, நல்ல உப்புத் தண்ணீரில். குஞ்சு பொரிந்ததும் கழிக்குள், அதாவது முகத்துவாரத்துக்கு உள்ளே தேங்கி நிற்கிற உப்பு குறைந்த தண்ணீருக்குள், ஏறும், வழி இருந்தால் அதற்கும் மேலே நல்ல தண்ணீருக்கே போய்விடும். அங்கே தின்று கொழுத்து வளர்ந்து, முட்டை போடும் பருவம் வந்ததும் மறுபடி கடலுக்கு இறங்கும். இன்னொரு விசேஷம், கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். ஏலத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிற அந்தப் பெரிய கொடுவா அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். பெரிய மீனை மட்டும் பொறுக்கிப் பிடித்தால் தாய்களைப் பொறுக்குகிறோம் என்று அர்த்தம். இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, அப்ப சின்னத பிடிச்சா ஆம்பளையும் போச்சு, பின்னாடி வர்ற பொம்பளையும் போச்சுல்ல?" என்றார். சரிதானே. கல்லூரியில் எங்களுக்கு இதை விளக்க ஒரு பாடவேளை ஆனது.

மடவையும் அதே வழிதான்: முட்டை கடலில், விரல் கணு அளவு குஞ்சுகள் கூட்டமாகக் கழிக்குள். பால்மீனும் அப்படியே. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் கொச்சிக்குப் போவதற்கு முன்னால் எங்கள் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரில் இருந்த காலத்திலேயே, பிள்ளைமடம் கழியில் பால்மீன் குஞ்சுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். விலாங்கு இதற்கெல்லாம் மேலே. கண்மாயிலும் ஆற்று மடுவிலும் வருஷக்கணக்கில் கிடந்து, ஒரு நாள் கடலுக்குக் கிளம்பி ஆழத்தில் எங்கோ முட்டை போட்டுச் சாகும். அது கிளம்புகிற நேரத்தில் கண்மாய்க்கும் கடலுக்கும் நடுவே தண்ணீர் ஓட வேண்டும். அவ்வளவுதான் அது கேட்பது.

கல்லூரி நண்பன் ஒருவன் அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றுப் பக்கம் இருக்கிறான். அங்கே பான்வில் அணையில் மீன் ஏறிப்போகப் படிவழி கட்டி, கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு சால்மனாக 1938-இலிருந்து எண்ணுகிறார்களாம். அங்கே சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்கிறது, இங்கே கொடுவா கடலில் பிறந்து ஆற்றில் வளர்கிறது, திசைதான் வேறு. எல்வா என்ற இன்னொரு ஆற்றில், மீன் ஏற வேண்டும் என்பதற்காகவே 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை உடைத்து எடுத்திருக்கிறார்கள். இதை எங்கள் பக்கத்து விவசாயி ஒருவரிடம் சொன்னேன். "அந்த ஊரு பேரு என்ன சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். அணையை உடைக்க வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, வீணாக வம்பு வேண்டாம். இந்த மாவட்டத்தில் கண்மாய்த் தண்ணீர் என்பது நெல்லும் குடிநீரும். மீனுக்கு மூன்றாவது இடம் கிடைத்தாலே பெரிது.

அன்றாட வேலைக்கு வருகிறேன். விடியற்காலை ஏலம் நடக்கிற இடத்துக்குக் குழுவோடு போக வேண்டும். அளவுப் பலகையில் மீனை வைத்து நீளம், தராசில் எடை, விலைக்கு வாங்கியதை அறுத்துச் சினை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது, சினையின் எடை உடல் எடையில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவது. அந்தச் சதவீதம் எந்த மாதத்தில் ஏறி எந்த மாதத்தில் சட்டென்று விழுகிறது என்று பார்த்தால் முட்டை போடும் காலம் பிடிபடும். மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒன்று இருக்கிறது, மரத்தில் வளையம் எண்ணுவதுபோல அதில் வயது எண்ணலாம் என்று பாடப் புத்தகம் சொல்லும். குளிர் நாட்டு மீனுக்கு அது அழகாக வேலை செய்யும். நம் ஊரில் வருஷம் முழுக்க வெயில் காய்கிறது, வருஷ வளையம் அத்தனை தெளிவாக விழுவதில்லை. அதனால் மாதாமாதம் நிறைய மீனை அளந்து, எந்த அளவில் கூட்டம் குவிகிறது, அந்தக் குவியல் மாதத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று வளர்ச்சியைக் கணக்குப் போடுகிறோம். அளக்கிற மீன் குறைந்தால் கணக்கு பொய் சொல்லும். இதைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் புரியவைப்பதுதான் என் மேற்பார்வையில் பாதி. மீதிப் பாதி, ஏலம் எடுக்கிற அக்காக்களிடம் அவர்களைத் திட்டு வாங்காமல் காப்பாற்றுவது. "வாங்கவும் மாட்டீக, வழியும் விடமாட்டீக, அளந்து அளந்து மீனு தேஞ்சுபோச்சு சார்" என்று ஒருவர் சொன்னார். ஐஸ் உருகுகிற நேரத்தில் ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு எரிச்சல் என்று அவருக்குத்தான் தெரியும். இப்போது ஏலத்துக்கு முன்னால் வேகமாக அளந்து முடிக்கிறோம்.

பதவி ஏற ஏற மீனைத் தொடுவது குறைகிறது. என் நேரம் பெரும்பாலும் கூட்டங்களில் போகிறது. ஒரு பக்கம் நீர்வளத் துறை, ஒரு பக்கம் பாசன சங்கம், ஒரு பக்கம் கண்மாய் மீன் குத்தகைக்காரர், இன்னொரு பக்கம் கழியில் வீச்சுவலை போடுகிறவர்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்று பழமொழி சொல்வார்களே, அந்த உத்தியோகம்தான். குத்தகைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. ஏலத்தில் பணம் கட்டி, கட்லாவும் ரோகுவும் மிர்காலும் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார். மதகைத் திறந்தால் அவர் மீன் ஓடிவிடும், அதனால் மடைவாயில் வலை கட்டுகிறார். அந்த வலை கீழிருந்து ஏறிவருகிற மடவைக் குஞ்சையும் மேலிருந்து இறங்குகிற விலாங்கையும் சேர்த்தே மறிக்கிறது. புதுத் தண்ணீர் வந்த வேகத்தில் எதிர்த்து ஏறுகிற கெண்டையையும் கெளுத்தியையும் வழியிலேயே சினையோடு பிடித்துவிடுகிறார்கள். கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், நிவாரணமும் உண்டு. கண்மாய்க்கும் கழிக்கும், மீன் ஏறுகிற அந்த முதல் வெள்ள வாரத்துக்கு, ஊர் மதிக்கிற மாதிரி ஒரு கட்டுப்பாடு இங்கே கிடையாது.

இதில் எனக்கு ஒரு கசப்பு உண்டு, சொல்லிவிடுகிறேன். மீன்வளத்தைப் பெருக்குவது என்றால் குஞ்சு விடுவது என்று ஆகிவிட்டது. 2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆறுகளில் குஞ்சு விடுவதற்குப் பணம் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் அடைத்த குஞ்சுகள், பந்தல், படம், மறுநாள் பேப்பர். எத்தனை லட்சம் விட்டோம் என்பதற்குக் கணக்கு இருக்கும். எத்தனை பிழைத்தது என்று கேட்டால் எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். நான் குஞ்சு விடுவதற்கே எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். மண்டபத்தில் பச்சை வரி இறால் குஞ்சு வளர்த்துக் கடலில் விடுகிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது, அது இந்தக் கடலிலேயே பிறந்து வளர்கிற இனம். ஆனால் இரண்டு மாதத்தில் வற்றப்போகிற ஆற்றில் கங்கைச் சமவெளிக் கெண்டைகளைக் கொட்டிவிட்டு அதை ஆற்று வளம் என்று எழுதும்போது எனக்குக் கை வருவதில்லை. கையெழுத்துப் போடுகிறேன், கூடவே ஒரு குறிப்பும் எழுதிவைக்கிறேன். அந்தக் குறிப்பை யாரும் படிப்பதில்லை.

வெளியூர் மீன் என்றதும் ஜிலேபியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது, வந்து இறங்கிய இடங்களில் ஒன்று நம் மண்டபம். பாங்காக்கிலிருந்து கொண்டுவந்தார்கள். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும், உப்புத் தண்ணீரும் ஒன்றுதான் நல்ல தண்ணீரும் ஒன்றுதான், சேறாகிப்போன கடைசிக் குட்டையிலும் உயிரோடு துள்ளும். இப்போது எங்கள் பக்கம் எந்தக் குட்டையில் வலை போட்டாலும் முதலில் ஏறுவது அதுதான். குழம்புக்கு ருசியாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அயிரைக்கும் உழுவைக்கும் இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்பதும் பொய்யில்லை.

சரி, என்னதான் செய்யலாம் என்றால், நான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பது இரண்டே விஷயம். கண்மாய் மிஞ்சித் தண்ணீர் கடலுக்குப் போகிற வருஷத்தில், மொத்தத்தையும் ஒரே நாளில் திறந்துவிட்டு மூடாமல், கடைசிப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் விட வேண்டும். அப்போதுதான் முகத்துவாரத்தில் மணல் அடைக்காமல் இருக்கும், கழியின் உப்பு மெதுவாக மாறும், குஞ்சுகளுக்கு உள்ளே வர நேரம் கிடைக்கும். முகத்துவாரம் சீக்கிரம் அடைத்துக்கொண்டால் உள்ளே மாட்டியது வெயிலில் வற்றி, கடலைவிட உப்பேறி, செத்து மிதக்கும்; நாற்றம் ஊருக்கே வரும். இரண்டாவது, அந்த நாட்களில் மடைவாய் வலையை இரவில் மட்டுமாவது தூக்கிவைக்க வேண்டும், விலாங்கு இருட்டில்தான் இறங்கும். குத்தகைக்காரருக்கு நஷ்டம் என்றால் குஞ்சு விடுகிற பணத்தில் கொஞ்சத்தை அவருக்குக் கொடுக்கலாம். பாசனத்துக்கு ஒரு சொட்டுக் குறையாது, ஏற்கெனவே மிஞ்சிய தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறேன். நாட்டுப்படகும் விசைப்படகும் இந்தக் கடலை வாரத்தில் நான்கு நாள், மூன்று நாள் என்று பிரித்துக்கொண்டு தொழில் செய்கிற ஊர் இது. நாள் பிரித்துக்கொள்வது இங்கே யாருக்கும் புதிய சங்கதி இல்லை.

இந்த வேலைக்கு எப்படி வருவது என்று இரண்டு மூன்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு இளநிலை மீன்வள அறிவியலில் சேரலாம். தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் கல்லூரி இருக்கிறது, இரண்டும் நாகப்பட்டினத்தில் இருக்கிற மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அப்புறம் டி.என்.பி.எஸ்.சி. வழியாக மீன்வள ஆய்வாளர் பணிக்கு வரலாம், மேலே படித்தால் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. புள்ளியியலை வெறுக்காதீர்கள், மீனைவிட எண்ணோடுதான் அதிக நேரம் இருப்பீர்கள். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். மீன் வாடையோடு பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவார், அதையும் பழகிக்கொள்ளுங்கள், ஜன்னலோர சீட் கிடைக்கும்.

மாமா, இதைப் படித்தால், கார்த்திகையில் ஒரு நாள் ஆற்றங்கரைக்கு வாருங்கள். தண்ணீர் வந்தால் போன் செய்கிறேன்.