ஒரு பிட்ச் கேட்ச்சும் 1860-ஆம் ஆண்டு பேஸ்பாலும்

ஒஹையோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸில், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிற்றூர் ஒன்றின் வடிவில் அமைந்த ஒஹையோ வில்லேஜ் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே மஃபின்ஸ் என்ற அணி 1981 முதல், 1860-ஆம் ஆண்டு விதிகளின்படி பேஸ்பால் ஆடி வருகிறது. இந்த நகரத்துக்குக் குடிவந்த பிறகு, கோடையில் அந்த ஆட்டங்களைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அக்காலத்துச் சட்டையும் தொப்பியும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒரு விளையாட்டு ஏன் இன்றைய வடிவத்துக்கு வந்து சேர்ந்தது என்பதைக் கண்ணெதிரே காட்டும் அந்தப் பழைய விதிகளுக்காகவே நான் போகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது, யார் கையிலும் கையுறை இல்லை என்பது. அடுத்தது, மட்டையாளர் அடித்த பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பின் பிடிக்கப்பட்டாலும் அவர் அவுட். நம் தெருக்களில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளின் ஒரு பிட்ச் கேட்ச் ஏறக்குறைய இதேதான். வெறும் கையால் பந்தை எதிர்கொள்பவருக்கு இது பெரிய ஆறுதல் என்று தோன்றும். ஆனால் அந்த ஆறுதலுக்கு ஒரு விலை இருக்கிறது. பந்தை நேராகப் பிடித்துவிட்டால், பேஸ்களில், அதாவது ஓடுபவர்கள் வரிசையாகத் தொட்டுச் செல்ல வேண்டிய நிலைகளில், நிற்கும் எதிரணியினர் தத்தம் இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். தரையில் பட்ட பின் பிடித்தாலோ, அவர்கள் துணிந்து அடுத்த பேஸுக்கு ஓடலாம்.

ஓர் ஆட்டத்தில், இடப்புற எல்லையருகே நின்றவர் உயரக் கிளம்பிய பந்தைப் பார்த்து வேகமாக முன்னேறி வந்தார். கடைசி நொடியில் மனம் மாறி இரண்டடி பின்வாங்கி, முழங்கால்களை மடக்கி, இரு கைகளையும் இடுப்பளவில் குவித்துக் காத்திருந்தார். பந்து புல்மேட்டில் பட்டு, அவர் எதிர்பார்த்த திசையை விட்டு விலகித் தோள்பட்டையைத் தாண்டிப் போனது. அதற்குள் இருவர் ஓடி முடித்துவிட்டார்கள். அன்றைய விளையாட்டு எழுத்தாளர் ஹென்றி சாட்விக், பந்தை நேராகப் பிடிப்பதே ஆண்மைக்குரிய ஆட்டம் என்று ஆண்டுக்கணக்காக வாதாடியவர். 1864 டிசம்பரில் பேஸ்பால் வீரர்களின் தேசியச் சங்கம் அதை ஏற்றதால், 1865 முதல், களத்தின் இருபக்கக் கோடுகளுக்கு இடையே விழும் பந்துகளுக்கு ஒரு பிட்ச் கேட்ச் செல்லாமற்போனது. அவர் பக்கமே நியாயம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் பந்தை விட்டுப் பிடிப்பதா, பாய்ந்து பிடிப்பதா என்று களத்தடுப்பாளர் திண்டாடும் அந்த நொடி அந்த முடிவால் ஆட்டத்திலிருந்து மறைந்துபோனதும் உண்மை.

பந்தும் வேறுவகைதான். ஒரே தோலை நான்கு இதழ்களாக வெட்டி மடித்துத் தைக்கிறார்கள். இன்றைய பந்தைவிடச் சற்றே பெரியது, கனமும் கூடுதல். ஆட்டம் முழுவதற்கும் பெரும்பாலும் அந்த ஒரே பந்துதான்.

பந்தெறிபவர் 45 அடி தூரத்தில் நின்று, கையைத் தாழ்த்தி எறிகிறார். மட்டையாளர் அடிப்பதற்கு வாகாகப் பந்தைத் தருவதுதான் அவர் கடமை என்று அக்காலத்தில் கருதப்பட்டது. இந்த எண்ணத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் புரூக்ளின் எக்செல்சியர் அணியின் ஜிம் கிரைட்டன். தாழ்ந்த கையாலேயே அவர் எறிந்த வேகத்தை மட்டையாளர்களால் சமாளிக்க முடியவில்லை. 1862-இல், 21 வயதிலேயே அவர் இறந்துவிட்டார். ஆனால் அவர் காட்டிய வழியில் பலரும் மட்டையாளரை ஏமாற்றும் வேலையில் இறங்கியதால், அடிக்க எட்டாத பந்துகளைத் தொடர்ந்து எறிபவருக்குத் தண்டனை தரும் அதிகாரம் 1864-இல் நடுவருக்கு அளிக்கப்பட்டது.

அந்த நடுவர் இன்றுபோல், மட்டையாளருக்குப் பின்னே பந்தைப் பிடிக்க நிற்பவரின் பின்னால் நிற்பதில்லை, ஓரமாக நிற்கிறார். தனக்குச் சரியாகத் தெரியாதபோது, பந்தைப் பிடித்தவரிடமே, "தரையில் ஒருமுறைதான் பட்டதா?" என்று கேட்கிறார். அவர் சொல்வதை இரு அணிகளும் ஏற்றுக்கொள்கின்றன. தனக்கு எதிராகத் தானே உண்மை சொல்லும் வீரரைப் பார்வையாளர்கள் எழுந்து நின்று பாராட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய ஆட்டத்தை உயிர்ப்பிப்பவர்கள் பழைய காலத்தின் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருவதில்லை, கொண்டுவரவும் கூடாது. கறுப்பின வீரர் ஒருவரேனும் இருக்கும் அணிகளைச் சேர்ப்பதில்லை என்று பேஸ்பால் வீரர்களின் தேசியச் சங்கம் 1867 டிசம்பரில் முடிவெடுத்தது. ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பினத்தவரின் பித்தியன் அணியை நடத்திய ஆக்டேவியஸ் கேட்டோ, ஆசிரியர், வாக்குரிமைக்காகப் போராடியவர், 1871-இல் தேர்தல் நாளன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு இரண்டாண்டு முன்புதான் அவருடைய அணி, வெள்ளையரின் ஒலிம்பிக் என்ற அணியுடன் மோதி 44-23 என்ற கணக்கில் தோற்றிருந்தது. இன்று கொலம்பஸில் மஃபின்ஸ் அணியோடு டைமண்ட்ஸ் என்ற பெண்கள் அணியும் இருக்கிறது. பழைய விதிகளில் ஆட்டம் நடக்கும் மைதானங்களில் எல்லாம், ஒரு பிட்ச் கேட்ச்சைப் பற்றி விளக்குகிறவர்கள் கேட்டோவின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.