டென்ஷன் தலைவலியா, மைக்ரேனா?

பக்கத்து மேசைக்காரர் காலையிலிருந்து பிடரியை அமுக்கிக்கொண்டே இருந்தார். மதியம் பார்த்தால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஒண்ணுமில்ல, டென்ஷன் தலைவலி."

பாதிதான் சரி.

டென்ஷன் தலைவலி இரண்டு பக்கமும் பட்டை கட்டி இறுக்கின மாதிரி இருக்கும், ஆனாலும் வேலை ஓடும். மைக்ரேன் பெரும்பாலும் ஒரு பக்கம். விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம்.

சிலருக்கு இரண்டுமே உண்டு. குழப்பம் எங்கே என்றால், மைக்ரேனிலேயே கழுத்துப் பிடிப்பு வரும். அதனால் கழுத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மாடிப்படி ஏறும்போது வலி கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் மைக்ரேன் மேல்தான் சந்தேகம்.

மைக்ரேன் முற்றினால் இரைப்பை மந்தமாகிவிடும், தாமதமாகப் போட்ட மாத்திரை சரியாக ஏறாது. போடுவதென்றால் ஆரம்பத்திலேயே.

அதற்காக அடிக்கடி போட்டாலும் வம்புதான். பாராசிட்டமால் மாதத்தில் 15 நாள், டிரிப்டானோ (மைக்ரேனுக்கென்றே உள்ள மருந்து) கலவை மாத்திரையோ (ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்த வலி மாத்திரை) 10 நாள் என்று 3 மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டென்ஷன் தலைவலியும் மைக்ரேனும் தினமும் 'கலந்து' வருவதுபோன்ற வலியில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தேதி, எந்தப் பக்கம், குமட்டல் உண்டா, என்ன மாத்திரை: ஒரு மாதம் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

திடீரென உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல் என்றால் குறிப்பெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவமனை.