ரிஜெக்ட் ஆன ஒரு படம்

ஒரே படத்தை மூன்று பேருக்குக் கொடுத்து, அதில் இருப்பது என்ன வண்டி என்று கேட்டு, இருவர் ஒன்றுபோலச் சொன்னால் அதையே விடையாக எடுத்துக்கொள்வது தப்பான முறை என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கான தெருப் படங்களை நாமே உட்கார்ந்து பார்க்க முடியாது. முகம் தெரியாதவர்களுக்கு இணையத்தில் சில்லறை வேலையாகப் பிரித்துக் கொடுக்கும்போது வடிகட்ட ஏதாவது ஒரு வழி வேண்டும். படத்தைப் பார்க்காமலேயே எல்லாவற்றுக்கும் முதல் பட்டனை அமுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் காசு கொடுத்தால், கண்ணை ஊன்றிச் செய்தவருக்கு என்ன மரியாதை?

அந்த முறைப்படிதான் ஒருவருடைய விடை ரிஜெக்ட் ஆனது, அதாவது அதற்குக் காசு கிடையாது. மறுநாள் மெசேஜ் வந்தது. ஆங்கிலத்தில், சுருக்கமாக: "சார், இந்தப் படத்தை ஒரு தடவை நீங்களே திறந்து பாருங்கள். மற்றவர்கள் என்ன போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போட்டது சரி." கீழே டாஸ்க் எண். காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திறந்து பார்த்தேன். சென்னைத் தெரு. படத்தின் இடது ஓரத்தில் மீன்பாடி வண்டி ஒன்று. முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் பலகை, பலகை நிறைய சிமென்ட் மூட்டை, பின்னால் ஒற்றைச் சக்கரத்தின் மேல் ஓட்டுகிறவர். பழைய மொபெட் எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். எங்கள் பட்டியலில் சைக்கிள், பைக், ஆட்டோ, கார், பஸ், லாரி, அப்புறம் 'மற்றவை'. இருவர் ஆட்டோ என்றிருந்தார்கள். இவர் மற்றவை என்றிருந்தார். கிளையன்ட் கொடுத்த விதிமுறையில் ஆட்டோ என்றால் மூன்று சக்கர மோட்டார் வண்டி என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை வைத்துப் பார்த்தால் மற்ற இருவரும் சரி. தெருவில் நடக்கிறவன் கண்ணால் பார்த்தால் இவர் சரி.

நான் எழுதிய பதிலைத்தான் இன்னும் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விதிமுறையின் வரியைச் சொன்னேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றேன். கடைசியில், இது மூன்று சென்ட் வேலைதானே, இதற்காக இவ்வளவு தூரம் எழுத வேண்டுமா என்று கேட்டேன். எகத்தாளமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். ஆனால் எழுத்தில் குரல் கேட்காது.

அவர் கோபப்படவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தச் சில்லறை வேலைகள் கைமாறும் இணையச் சந்தைக்கு அவர் புதிது. 200 டாஸ்க் முடித்திருந்தார், அதில் 10 ரிஜெக்ட். அப்ரூவ் ஆனது சரியாக 95 சதவீதம். நல்ல வேலைகளைப் போடுகிறவர்கள் பலர் 95-க்குக் கீழே இருப்பவர்களை உள்ளேயே விடுவதில்லை. என் ரிஜெக்ட் 11-வது. இப்போது 94.5. "திரும்ப 95-ஐத் தொட, இனி ஒரு ரிஜெக்ட்கூட இல்லாமல் 19 டாஸ்க் வேண்டும் சார். அந்த 19-ஐ யார் தருவார்கள்?"

அவர் சொன்ன கணக்கைச் சரிபார்த்தேன். 220-க்கு 209. சரியாகத்தான் இருந்தது. ரிஜெக்டை மாற்றி அப்ரூவ் செய்தேன். நன்றி என்று ஒரு வரி வந்தது. இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்கமாட்டேன்.

அந்தப் படத்தைக் கிளையன்ட்டுக்கு அனுப்பி, இதை எதில் சேர்க்கட்டும் என்று கேட்டேன். அவர்களுக்கு அது பிடித்துப்போனது. சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிகள் எல்லாம் இனி 'மற்றவை' என்று விதிமுறையையே மாற்றினார்கள். முடிந்த பேட்ச்களிலும், அதாவது ஏற்கெனவே முடித்த படத் தொகுதிகளிலும், அந்த விடைகளைத் திருத்தித் தரச் சொன்னார்கள். திருத்த உட்கார்ந்தபோதுதான், அதே மாதிரி வண்டிக்கு மற்றவை என்று போட்டு ரிஜெக்ட் ஆன இன்னும் பலர் இருப்பது தெரிந்தது. யாரும் எனக்கு எழுதவில்லை. அவர்களுடைய விடைகளைத்தான் இப்போது சரியான விடைகளாக ஃபைலில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் டீம் லீடிடம் போய்ச் சொன்னேன். எல்லோருக்கும் மாற்றிக் கொடுத்துவிடலாமா சார் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "அவங்க செஞ்ச அன்னைக்கு இருந்த ரூல்படிதானே ரிஜெக்ட் ஆச்சு? பில்லும் போட்டாச்சு. யாராவது எழுதினா பார்த்துக்கலாம்" என்றார். மாற்றிக் கொடுத்தால் கூலியோடு சந்தைக்காரருக்கான கமிஷனும் சேரும், அதைக் கிளையன்ட் தரமாட்டார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நானும் மேற்கொண்டு பேசவில்லை. அது என் அதிகாரத்தில் இல்லை என்பது நிஜம். ரிஜெக்டை மாற்றும் பட்டன் என் லாகினில் இருந்ததும் நிஜம்.

இந்த வகைச் சந்தைகளில் பலருக்கும் தெரிந்தது 2005-ல் வந்த அமேசானின் மெக்கானிக்கல் டர்க். ரிஜெக்ட் செய்தால் காசு கிடையாது, ஆனால் விடை வேலை கொடுத்தவரிடமே இருக்கும் என்ற ஏற்பாடு அதிலும் உண்டு. இமேஜ்நெட் என்ற பிரம்மாண்டமான படத் தொகுப்பு அதன் வழியாகத்தான் பிரித்து அடுக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்கள். படத்தில் இருப்பது பூனையா என்று கேட்டால் சிலர் ஒத்துப்போனால் போதும். பர்மியப் பூனையா என்று கேட்டால் இன்னும் அதிகம் பேரைக் கேட்க வேண்டும். கேள்வி கடினமாக ஆக, எத்தனை பேர் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் கூட்டினார்கள். எங்களுக்கோ பஸ்ஸுக்கும் மூன்று பேர், மீன்பாடி வண்டிக்கும் மூன்று பேர். விடையை முடிவு செய்ய அந்த முறையை வைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய கூலியையும் அதே ஓட்டு முடிவு செய்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. பெரும்பான்மையிலிருந்து விலகியவர் ஏமாற்றுக்காரராகவும் இருக்கலாம், மற்றவர்களைவிடக் கவனமாகப் பார்த்தவராகவும் இருக்கலாம். ஓட்டை எண்ணி அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் எங்கள் டாஸ்க்கை நானே செய்து பார்த்தேன். ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்க ஒன்றரை நிமிஷம் ஆகிறது. மணிக்கு 40 படம், 1 டாலர் 20 சென்ட். 2018-ல் வந்த ஓர் ஆய்வு மெக்கானிக்கல் டர்க்கில் வேலை செய்கிறவர்களின் இடைநிலை வருமானம் மணிக்குச் சுமார் 2 டாலர் என்றது. எங்களுடையது அதற்கும் கீழே. ரிஜெக்ட் ஆகாமல் போனால்தான் அந்த 1.20-ம்.

இப்போது நான் பொறுப்பாக இருக்கும் பேட்ச்களில், படத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று நேரக் கணக்கே காட்டினால் தவிர யாரையும் ரிஜெக்ட் செய்வதில்லை. அதனால் குப்பையான விடைகளுக்கும் காசு போகிறது, போன மாதம்கூட கிளையன்ட் கேள்வி கேட்டார். பதில் சொல்லச் சிரமமாகத்தான் இருந்தது. பழைய பேட்ச்காரர்களுக்கு இதனால் ஒன்றும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை என்பதும் தெரியும். எழுதிக் கேட்ட ஒருவருக்கு மட்டும் நியாயம் கிடைத்தது. கேட்கத் தெரியாதவர்கள், ஆங்கிலம் வராதவர்கள், மூன்று சென்ட்டுக்காக யார் மல்லுக்கட்டுவது என்று விட்டவர்கள் ரிஜெக்ட் பட்டியலில் அப்படியே இருக்கிறார்கள். ரிஜெக்டை மாற்றுவதற்கான கெடு எப்போதோ போய்விட்டது.