யாருமில்லை என்று சொன்னவன்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலைதோறும் பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தை மறுபடியும் படித்துவருகிறேன். அதன் 24 காண்டங்களில் ஒன்பதாவதைத் தாண்ட மனம் வரவில்லை. தன் பெயர் ‘யாருமில்லை’ என்று, தன்னைக் குகையில் அடைத்துவைத்த ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸிடம் சொல்லி, மது கொடுத்து உறங்கவைத்து, அவன் கண்ணைக் குருடாக்குகிறான் காவிய நாயகன் ஒடிசியஸ். ‘யாருமில்லை என்னைக் கொல்கிறான்’ என்று அரக்கன் அலற, ஓடிவந்த அண்டை அரக்கர்கள், யாருமில்லையென்றால் இது தெய்வம் தந்த நோயாகத்தான் இருக்கும் என்று திரும்பிவிடுகிறார்கள்.

செம்மறிக் கடாவின் வயிற்றடியில் தொங்கிக் குகையிலிருந்து தப்பிய அதே அறிவாளி, கப்பல் விலகியதும், தோழர்கள் தடுத்தும் கேளாமல் தன் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் கூவிச் சொல்கிறான். (கரை சேருமுன் இப்படி வீம்பு பேசும் மீனவரை எங்கள் கடலூரில் நான் கண்டதில்லை.) அந்தப் பெயரைச் சொல்லியே அரக்கன், தன் தந்தையான கடல்தெய்வம் பொசைடனிடம் சாபம் வேண்டுகிறான். ஒடிசியஸின் சூழ்ச்சியைவிட, பெயரை மறைத்தே வாழ முடியாத அந்தத் தவிப்புதான் எனக்கு அவனை நெருக்கமாக்குகிறது.