சாவி கைக்கு வருவதற்கு முன்: டிரெய்லர் இழுக்கும் பயிற்சி

முதல் வகுப்பில் சாவி யார் கைக்கும் வரவில்லை. புதுச்சேரியில் பாகூர் பக்கம் விற்காமல் கிடக்கும் ஒரு மனைப்பிரிவுதான் எங்கள் பயிற்சிக் களம். தார்ச்சாலை இருக்கிறது, எல்லைக் கற்கள் இருக்கின்றன, வீடு ஒன்றுகூட இல்லை. மேயும் ஆடுகளுக்குத்தான் ஒதுங்க வேண்டும். ஜீப்பில் கேரவன் டிரெய்லரை (தங்கவும் சமைக்கவும் வசதியுள்ள பின்வண்டி) மாட்டி இழுக்கச் சொல்லித்தருபவர், ஒரு காலத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போனவர். எல்லோருக்கும் அவர் அண்ணன்.

அண்ணன் எங்களை முதலில் அழைத்துப்போனது எடை மேடைக்கு. டிரெய்லரைக் கழற்றி முழுதாக மேடையில் நிறுத்தியபோது 620 கிலோ. பிறகு இணைப்பு முனைக்கு நேர்கீழே முட்டுக்கொடுத்து, அந்த முட்டு மட்டும் மேடைக்கு வெளியே நிற்கும்படி நகர்த்தினோம். 580 காட்டியது. குறைந்த 40 கிலோதான் ஜீப்பின் கொக்கி சுமக்கும் எடை. (லாரி நிறுக்கும் மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும், இதற்கு அது போதும்.) மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பியர்கள் 5 முதல் 7 போதும் என்பார்கள். அண்ணன் அமெரிக்கக் கட்சி. பின்கோடியில் இருந்த இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்களை முன்பக்கம் மாற்றச் சொன்னார். 70 கிலோ ஆனது. ஒரு பொருளும் கூடவில்லை, குறையவில்லை, இடம்தான் மாறியது. கொக்கியும் வண்டியும் எவ்வளவு தாங்கும் என்று தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடை முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன என்பதை ட்ரெட்மில்லில் காட்டினார். ஓடும் பட்டையின் மேல் ஒரு பொம்மைக் கார், அதன் பின்னால் பொம்மை டிரெய்லர். டிரெய்லரின் முன்பக்கம் நட்டுகளை அடுக்கி, விரலால் பக்கவாட்டில் சுண்டினார். ஒரு முறை ஆடி அடங்கியது. அதே நட்டுகளைப் பின்பக்கம் மாற்றிச் சுண்டினார். ஆட்டம் அகன்றுகொண்டே போய்க் காரையும் இழுத்துக் கவிழ்த்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் ஒட்டி முந்தினால் அந்தக் காற்றே சுண்டுகிற விரலுக்குச் சமம் என்றார். வால் ஆடினால் பிரேக்கை அழுத்தத்தான் கால் துடிக்கும், அழுத்தக் கூடாது. ஸ்டீயரிங்கை மாறி மாறி ஒடிக்கவும் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும்.

மாட்டும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சோதனை. ஜீப்பின் கொக்கியைக் கவ்வும் கப்ளரைப் பூட்டிய பிறகு டிரெய்லரின் முன்தாங்கியின் (ஜாக்கியின்) கைப்பிடியைச் சுழற்றி முனையை மேலே உயர்த்த வேண்டும். ஜீப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. டிரெய்லர் மட்டும் எழும்பினால் விழவில்லை. பாதுகாப்புச் சங்கிலிகளை அடியில் குறுக்காக மாட்டுவதும் காரணத்தோடுதான்: இணைப்பு கழன்றாலும் முனை தார்ச்சாலையில் குத்தாமல் சங்கிலியின் மேல் விழும். கழற்றும்போது முதல் வேலை சக்கரத்துக்குக் கட்டை போடுவது.

எரிவாயுப் பாடம் சுருக்கமாக முடிந்தது. கசியும் சமையல் வாயு காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கும். எச்சரிக்கைக் கருவியைத் தாழ்வாகப் பொருத்த வேண்டும். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியிருக்க வேண்டும்.

இப்போது ஓட்டுகிறேன். திருப்பத்தில் பின்வண்டி முன்வண்டியின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதற்காக அண்ணன் மூலைக் கல்லோரம் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார், வண்டிப் பூசைக்கு வைப்பதுபோல. ஆனால் இது நசுங்கக் கூடாது. அகலமாக எடுத்துத் திரும்பினேன். பழம் பிழைத்தது.

ரிவர்ஸில் ஸ்டீயரிங்கின் அடியைப் பிடித்தால் கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்புறமும் போகும். "கொஞ்சமாக ஒடி தம்பி, அது நகரும் வரை பொறு" என்பதுதான் அண்ணனின் ஓயாத பாட்டு. அமெரிக்க வீடியோக்கள் இடப்பக்கமாக ரிவர்ஸ் எடுக்கச் சொல்லும். அவர்களுக்கு ஓட்டுநர் இருக்கை இடதில். நமக்கு வலப்பக்கமே வசதி, ஜன்னல் வழியாகப் பின்சக்கரம் தெரியும். வலதில் ஓரளவு கை படிந்துவிட்டது. இடதில் கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டியிருப்பதால், பாதியிலேயே வண்டி மடங்கப் பார்க்கிறது. முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குகிறேன்.

முள்ளோடை தாண்டிக் கடலூர் வரை போவது அடுத்த கட்டம். அதற்கு முன் டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பார்க்கச் சொன்னார். 2316. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. மேலே வரிகள் தேயவே இல்லை. ஆனாலும் வயதாகிவிட்டது, வேண்டாம் என்று அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். புது டயர் மாட்டி 80 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டுமாம். டயர் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.