தோழியோடு அஃப்ரோடெக்: ஹூஸ்டன் போய் வந்த கதை

அமெரிக்காவில் டெக் வேலையில் இருக்கும் கறுப்பினத்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற பெரிய மாநாடு அஃப்ரோடெக். 2016இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்தது, அப்புறம் ஓக்லாண்ட், கொரோனா சமயத்தில் ஆன்லைன், 2022லும் 2023லும் ஆஸ்டின், 2024 நவம்பரில் ஹூஸ்டன். என் டீமில் இருக்கும் தோழி ஒருத்தி இதற்கு விடாமல் போகிறவள். "யார் வேண்டுமானாலும் வரலாம், நீயும் வாயேன்" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டல்லாஸிலிருந்து காரில் நாலு மணி நேரம்தான் என்பதால் இந்த முறை லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஐ-45 சாலையில் ரசிக்க அதிகம் ஒன்றுமில்லை. ஹன்ட்ஸ்வில் பக்கம் மரங்களுக்கு மேலே வெள்ளையாக நிற்கும் சாம் ஹூஸ்டன் சிலை மட்டும் கண்ணில் படும். ஆனால் மேடிசன்வில்லில் பெட்ரோல் போடவும் காபி வாங்கவும் பக்கீஸில் நிறுத்தியபோதே மாநாடு தொடங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பழைய அஃப்ரோடெக் ஹூடி போட்டிருந்த ஒருவர் தோழியின் பையில் தொங்கிய போன வருடத்து பேட்ஜ் கயிறைப் பார்த்துவிட்டு, எந்த ஊர், என்ன வேலை, யாரோடு தங்குகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். காபி ஆறுவதற்குள் இரண்டு பேரும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள்.

இந்த மாநாட்டை நடத்துவது பிளாவிட்டி என்ற ஊடக நிறுவனம். மோர்கன் டிபான் தன் கல்லூரித் தோழர்களோடு சேர்ந்து 2014இல் ஆரம்பித்தது. செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர்கள் படித்தபோது, மதிய நேரத்தில் ஒரு கறுப்பின மாணவர் வந்து மேசையில் உட்கார்ந்தால் போதும், அடுத்தவர் வருவார், அப்புறம் இன்னொருவர், கொஞ்ச நேரத்தில் அந்த மேசையே நிரம்பி வழியும், அரட்டை மணிக்கணக்கில் போகும். அந்த ஈர்ப்பைத்தான் (பிளாக், கிராவிட்டி இரண்டையும் சேர்த்து) அவர்கள் நிறுவனத்துக்கே பெயராக வைத்தார்கள். ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு அரங்கத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே, இங்கே நடப்பதும் அதேதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சுவரோரம் ஒருவர் நிற்கிறார், பக்கத்தில் இன்னொருவர் வந்து நிற்கிறார், திரும்பிப் பார்த்தால் அங்கே பத்துப் பேர் வட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

டிக்கெட் விலை அதிகம் என்பதால் அதை வாங்காமல், ஒட்டியிருக்கும் ஹில்டன் ஹோட்டல் லாபியிலும் எதிரே டிஸ்கவரி கிரீன் பூங்காவிலும் இருப்பதற்கென்றே பலர் வந்திருந்தார்கள். தோழி சொன்னது, பாதி வேலைகள் லாபியில்தான் கிடைக்கின்றன என்று. இளஞ்சிவப்பும் பச்சையும் உடுத்திய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் உரக்கக் குரல் கொடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற கறுப்பின மாணவியர் சங்கத்தின் நிறங்கள் அவை. முன்பின் பார்த்திராதவர்கள்தான், ஆனால் அந்த நிறம் போதும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தளத்துக்கு நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். அதில் என் தோழி மட்டும்தான் கறுப்பினப் பெண். அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் 11.6 சதவீதமாக இருக்கும் கறுப்பினத்தவர், உயர் தொழில்நுட்பத் துறையில் 7.4 சதவீதம்தான் என்று இருக்கிறது. படிக்கும்போது அது வெறும் எண். அவளோடு தினமும் மீட்டிங்கில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியாமல் போன ஒரு விஷயத்தை அந்த அரங்கத்தில்தான் பார்த்தேன். அவள் சத்தமாகச் சிரிப்பாள்! அலுவலகத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. கேட்டபோது, "அங்கே எதைச் சொன்னாலும் முதலில் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன், குரல் உயர்ந்தால் கோபக்காரி என்று எழுதிவிடுவார்கள், இங்கே அந்த வேலை இல்லை" என்றாள். முடியைப் பின்னலிட்டு வந்தால் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இல்லை, எப்படிச் செய்தாய் என்று கேட்பவர்கள் இல்லை, எந்தக் கடையில் செய்தாய், எவ்வளவு ஆனது என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

என்னை ரொம்பவே அசைத்தது ஒரு சம்பளப் பேச்சு. மதிய உணவு வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு இளைஞர். வேலை மாறப்போவதாகவும் கையில் ஆஃபர் இருப்பதாகவும் சொன்னார். பின்னால் நின்ற ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா, "எவ்வளவு?" என்று நேராகவே கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கிச் சொன்னதும், அந்த அம்மா தன் சம்பளம், போனஸ், பங்கு எல்லாவற்றையும் எண்ணோடு சொல்லி, அதே லெவலில் தன் டீமில் இருப்பவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லி, இன்றைக்கே திருப்பி மெயில் போடு, என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன் என்று போனை வாங்கித் தட்ட ஆரம்பித்துவிட்டார். வரிசை நகர்ந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை, அந்தப் பையனை மறுபடி பார்ப்பாரா என்பதும் நிச்சயமில்லை.

இங்கே டெக் வேலையில் இருக்கும் இந்தியர்களான நமக்கு இந்த உதவியெல்லாம் கேட்காமலே கிடைக்கிறது. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் எந்தக் கம்பெனியில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு கேட்கலாம், எந்த மேனேஜரிடம் போகக் கூடாது என்பது வரை அரை மணி நேரத்தில் வந்துவிடும், ரெஃபரலும் (உள்ளே இருப்பவரின் சிபாரிசு) சேர்த்து. அந்த ரெஃபரலில் உள்ளே வந்தவன்தான் நாளைக்கு இன்டர்வியூ எடுக்கிறான், அவனும் தன் ஜூனியரைத்தான் கொண்டு வருகிறான். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்குக் கதவு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆள் எடுக்கும் பக்கத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

சரி, கண்காட்சி அரங்கத்துக்கு வருகிறேன். பெரிய கம்பெனிகளின் ஸ்டால்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் வளைந்து வளைந்து போகும் வரிசை, கோட் போட்டு வந்து வியர்த்துக்கொண்டிருக்கும் மாணவர்கள். ஹூஸ்டனுக்கு நவம்பர் என்பதெல்லாம் தெரியாது, வெளியே புழுக்கம். பக்கத்து பிரெய்ரி வியூ பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கும் பெண் ஒருத்தி அடுத்த நாள் சிஸ்டம் டிசைன் இன்டர்வியூ (ஒரு பெரிய மென்பொருளின் பாகங்களை எப்படி அமைப்பாய் என்று கேட்பது) என்று பதறிக்கொண்டிருந்தாள். தோழி அவளைச் சார்ஜிங் பாயின்ட் பக்கம் தரையில் உட்காரவைத்து, ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்த பையைக் கிழித்து விரித்து அதன் பின்பக்கத்தில் கேஷ், க்யூ, டேட்டாபேஸ் என்று கட்டம் கட்டமாக வரைந்து கேள்வி கேட்க ஆரம்பித்தாள். டிராஃபிக் பத்து மடங்கானால் எது முதலில் விழும்? ஏன்? போகிற வழியில் எட்டிப் பார்த்த இருவர் அவர்களும் உட்கார்ந்து, ஒருவர் கடுமையான இன்டர்வியூவராக நடிக்க, இன்னொருவர் அவள் தடுமாறும் இடத்தில் நிறுத்தி, மறுபடி மெதுவாகச் சொல் என்றார். நானும் என் பங்குக்கு வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் பற்றி இரண்டு கேள்வி கேட்டேன்.

மேடைப் பேச்சுகளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, எல்லா டெக் மாநாட்டையும் போல ஏஐ, ஏஐ, ஏஐதான். ஆனால் பேச்சு முடிந்து வெளியே நின்று பேசியவை வேறு ரகம். ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம் தவறு செய்தன, கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. டெட்ராய்ட் போலீசார் 2020இல், முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் காட்டிய தவறான பொருத்தத்தை நம்பி ஒரு கறுப்பினத்தவரை அவர் வீட்டு வாசலிலேயே கைது செய்தார்கள். இதையெல்லாம் நான் படித்ததுண்டு. ஆனால் அந்த வட்டத்தில் நின்றவர்கள் தங்கள் அண்ணன் தம்பிகளை நினைத்துப் பேசினார்கள்.

அதிபர் தேர்தல் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பல கம்பெனிகள் எல்லா இனத்தவருக்கும் இடம் கிடைக்கப் பன்முகத்தன்மைக்கென்று வைத்திருந்த டீம்களைச் சத்தமில்லாமல் கலைத்துவரும் காலம். டெக்சஸில் அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்த அலுவலகங்கள் ஒரு சட்டத்தால் ஜனவரியிலேயே மூடப்பட்டுவிட்டன. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு நிதி கொடுத்துவந்த ஃபியர்லெஸ் ஃபண்ட், வழக்கு ஒன்றில் சமரசமாகி செப்டம்பரில் அந்தத் திட்டத்தையே நிறுத்தியது. கவலை இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஆனால் புலம்பலைவிட, யார் எங்கே ஆள் எடுக்கிறார்கள், யாருக்கு வேலை போயிருக்கிறது, அவருக்கு என்ன செய்யலாம் என்ற பேச்சுதான் அதிகம்.

கிளம்பும் நாள் காலையில் பிரேக்ஃபாஸ்ட் கிளப் என்ற உணவகத்தில் வாசல் தாண்டிய வரிசையில் நின்று கெளுத்தி மீன் வறுவலும் கிரிட்ஸும் சாப்பிட்டோம். கிரிட்ஸ் என்பது சோள நொய்யை வெண்ணெய் போட்டுக் குழைய வேகவைத்தது, மிளகுத்தூளைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து தேர்ட் வார்டு பகுதியில் இருக்கும் எமான்சிபேஷன் பூங்காவுக்குப் போனோம். அடிமைத்தனம் ஒழிந்தது என்ற செய்தி டெக்சஸுக்கு வந்தது 1865 ஜூன் 19. அந்த நாளைக் கொண்டாட இடம் வேண்டும் என்று, விடுதலையானவர்கள் பாதிரியார் ஜாக் யேட்ஸ் போன்றவர்களின் தலைமையில் பணம் திரட்டி 1872இல் வாங்கிய பத்து ஏக்கர் நிலம் அது. 1922 முதல் 1940 வரை ஹூஸ்டனில் கறுப்பினத்தவர் போகக்கூடிய ஒரே பொதுப் பூங்காவும் அதுதான். அங்கே நின்றபோது தோழியிடம் சொன்னேன்: 1965க்கு முன்னால் இந்தியர்களுக்கான குடியேற்ற ஒதுக்கீடு வருடத்துக்கு நூறு பேர், உங்கள் தாத்தா பாட்டிகள் சம உரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடியதால் வந்த சட்ட மாற்றத்தில்தான் எங்களுக்கும் கதவு திறந்தது என்று. அவளுக்கு அது தெரிந்திருந்தது. என் பிள்ளைகளுக்கு இன்னும் நான் சொல்லவில்லை, இந்த விடுமுறையில் அவர்களையும் அங்கே கூட்டிப் போகிறேன்.

பிரெய்ரி வியூ மாணவிக்கு முதல் சுற்று தேறிவிட்டது. இரண்டாவது சுற்று அடுத்த வாரம். தோழியும் நானும் சாயங்காலம் ஜூமில் அவளுக்குப் பயிற்சிக்காக மாக் இன்டர்வியூ வைக்கிறோம், தரையில் உட்கார்ந்த அந்த இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். பேக்எண்ட் (சர்வர் பக்க வேலை) ஆட்கள் யாராவது மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமென்றால் எனக்கு எழுதுங்கள், அவளோடு படிக்கும் இன்னும் சிலரும் காத்திருக்கிறார்கள்.