ட்ரை-கேட்ச் போட்டும் நிற்காத லூப்

வயதைக் கேட்ட ஜாவா ப்ரோகிராமுக்கு அக்கா மகள் குறும்பாக 'இருபது' என்று எழுத்தில் அடித்தாள், அவ்வளவுதான், "எண்ணைக் கொடு" என்ற ஒரே வரி திரை முழுக்க ஓட ஆரம்பித்துவிட்டது.

"மாமா, ட்ரை-கேட்ச் போட்டிருக்கேனே!"

பிழை வந்தால் ப்ரோகிராம் நின்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் ட்ரை-கேட்ச்சைப் போட்டிருந்தாள்தான். ஆனால் நாம் அடிப்பதை வாசிக்கும் ஸ்கேனரில், எண்ணை எடுக்கும் நெக்ஸ்ட்இன்ட் எண்ணல்லாத சொல்லைக் கண்டால் இன்புட்மிஸ்மேட்ச் எக்ஸெப்ஷன் என்ற பிழையை வீசுமே தவிர, அந்தச் சொல்லை எடுத்துப் போடாது. அது ஸ்கேனரிலேயே கிடக்கும். லூப் திரும்பி வந்தால் அதே சொல், அதே எக்ஸெப்ஷன்.

கேட்ச்சுக்குள், மிச்ச வரியை வாசித்துத் தள்ளும் நெக்ஸ்ட்லைன் ஒன்றைப் போட்டதும் அடங்கியது.

எக்ஸெப்ஷனைப் பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள், பிடித்த பிறகு மிச்சத்தை யார் கூட்டிப் பெருக்குவது என்பதைப் பாடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்கேனரே 2004இல் ஜாவா 5 உடன் வந்ததுதான். அதற்கு முன் பஃபர்டுரீடரில் முழு வரியை வாங்கி, பார்ஸ்இன்ட்டால் அதை எண்ணாக மாற்றுவோம். எண் தப்பானாலும் வரி ஏற்கெனவே வாசித்து முடிந்திருக்கும், இந்தச் சுற்றல் வராது. எழுத நீளம்தான், எனக்கென்னவோ இன்னமும் அதுதான் பிடிக்கிறது.